ஏழாம் வார்டுக்கு ஒரே ஒரு கேள்வி

கேட்காமலே டீ வாங்கிக் கொடுக்கிறவனை நான் நம்புவதில்லை. "சும்மாதான் வந்தேன்" என்று கடைக்குள் நுழைகிறவனை அதைவிட நம்புவதில்லை. வெள்ளைத்தருவை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபத்தாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யார் யார்மேல் மனு போடுகிறார், யார் யாருடைய கையெழுத்தைப் போட்டுப் பழகுகிறார் என்பதெல்லாம் என் மிஷின் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்துதான் வெளியே போகும். இதையெல்லாம் பார்த்த மனுஷனுக்குச் சந்தேகம் வராமல் வேறு என்ன வரும்? சுயம்புலிங்கத்துக்குச் சொந்த நிழல்மேலேயே ஒரு கண் என்று ஊரில் கேலி செய்வார்கள். கட்சி என்னை நகரத்தின் வாக்காளர் பட்டியல் பொறுப்பாளராகப் போட்டதே அந்தக் குணத்துக்காகத்தான்.

அப்போது நாங்கள் எதிர்க்கட்சி. அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் முடிவுகள் வந்திருந்தன. அதிபர் பதவியேற்று இரண்டு வருடம் ஆனதும் அங்கே ஒரு தேர்தல் வருமாம். அதில் அதிபரின் கட்சி பெரும்பாலும் அடி வாங்குமாம். இந்தத் தடவையும் வாங்கியது. உடனே எங்கள் தலைமை சென்னையில் ஒரு படிப்பினைக் குழு அமைத்தது. நாற்பது பக்கத்தில் புத்தகம் போட்டு ஒவ்வொரு நகரத்துக்கும் அனுப்பினார்கள். விலைவாசியைப் பேசு, தலைவர் முகத்தை மட்டும் நம்பாதே, உள்ளூரில் நல்ல வேட்பாளரைப் போடு, கருத்துக்கணிப்பைப் பார்த்து மயங்காதே. இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம், எங்கள் பேருந்து நிலைய டீக்கடை போதும்.

எங்கள் ஊர் நடப்பு அதற்குத் தலைகீழ் என்பதுதான் எனக்கு இடித்தது. இங்கே ஆட்சியின் நடுவில் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் ஆளுங்கட்சிதான் அள்ளிக்கொண்டு போகும். நகராட்சித் தேர்தலுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. புத்தகத்தோடு ஒரு பெண்ணையும் தலைமை அனுப்பி வைத்தது. பெயர் ரோகிணி, முப்பது வயதிருக்கும், சென்னைக் கம்பெனி ஒன்றின் பொறியாளர். கட்சி அலுவலகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, கேட்காமலே எனக்கும் சேர்த்து டீ சொன்னாள்.

"சார், அந்தப் புத்தகத்த விடுங்க. எங்க கம்பெனியோட ஏஐ இயந்திரம் அமெரிக்காவோட இடைக்காலத் தேர்தல் ஒவ்வொண்ணையும் தெருத்தெருவா படிச்சிருக்கு. ஆளுங்கட்சி ஏன் தோக்குதுன்னு நினைக்கிறீங்க?"

"சனங்க மனசு மாறிட்டுன்னு அர்த்தம்."

"மாறி எதிர்க்கட்சிக்குப் போடறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா முந்தின தடவ ஆளுங்கட்சிக்குப் போட்டவங்கள்ல நிறைய பேர் எதிர்க்கட்சிக்கும் போடல. வீட்லயே இருந்துட்டாங்க. இயந்திரம் சொல்ற பாடம் அதுதான். ஓட்ட இழுக்க வேண்டாம். அவங்க ஓட்டு வீட்ல தூங்கினா போதும்."

"ஏன் வராம இருக்காவ?"

"கோபம் இருந்தா வருவாங்க சார். பாசம் இருந்தாலும் வருவாங்க. சந்தேகம் வந்தவங்கதான் வர மாட்டாங்க."

இதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "அப்போ உங்க மிஷினு சந்தேகத்தக் கெளப்பி விடுமாக்கும்?" என்றேன்.

"கிளப்பாது. கேக்கும். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த ஆளப் பத்தி வெளியில கிடைக்கிற எல்லாத்தையும் படிச்சுட்டு, அவர் ஊர்ப் பேச்சுலயே போன்ல கேட்டுட்டு வச்சுடும். பொய் ஒரு வார்த்தைகூட சொல்லாது. அது மட்டும் உறுதி."

மூன்றாம் வார்டில் ஒரு ஆளுங்கட்சிக்காரருக்குப் போன அழைப்பை எனக்குப் போட்டுக் காட்டினாள். 'அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. உங்க தெருவுல மூணு லைட்டு எரியல. கவுன்சிலர் வீட்டுத் தெருவுல எத்தன லைட்டு எரியுதுன்னு எண்ணிப் பாத்திருக்கீயளா?' அவ்வளவுதான். குரல் எங்கள் ஊர்க் குரல். அந்த மனிதர் அன்று சாயங்காலமே போய் எண்ணினாராம். அவருடைய போன் அந்தத் தெருவில் கால் மணி நேரம் நின்றதைத் திரையில் புள்ளியாகக் காட்டினாள்.

"ஓட்டுப் போட வாறவன வரவிடாமச் செய்யிறது தப்பில்லையாம்மா?"

"யாரும் தடுக்கல சார். வாசல் திறந்துதான் இருக்கு."

அந்தப் பதில் வழவழவென்று இருந்தது. ஆனாலும் நான் எழுந்து போகவில்லை. எனக்கும் ஜெயிக்க வேண்டும். ஏனென்றால் நாங்கள் இருக்கும் ஏழாம் வார்டை அந்த வருடம் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பத்து வருடமாக அந்த கவுன்சிலர் நாற்காலிக்காக அலைந்தவன் நான். எனக்குப் பதிலாக என் மனைவி ஜெயக்கொடியின் பெயரில் மனு போட்டேன். மனுவை நானே நிரப்பி, "இங்கன ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டினேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை இறக்கி வைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தாள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. போஸ்டரில் அவள் படம் தபால்தலை அளவு, என் படம் தட்டு அளவு.

ரோகிணிக்கு ஆளுங்கட்சியின் உறுப்பினர் பட்டியல் தேவைப்பட்டது. அது என்னிடமே இருந்தது. ஆளுங்கட்சியின் ஏழாம் வார்டுச் செயலாளர் தங்கப்பழம் நகல் எடுக்க என் கடைக்குத்தான் வருவான். அவனுக்குத் தெரியாமல் ஒரு நகல் அதிகமாக எடுத்து வைத்திருந்தேன்.

"இத நம்பலாமா சார்?" என்று கேட்டாள்.

உறுப்பினர் பட்டியல்களின் லட்சணம் எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பட்டியல் பொய் என்று சொன்னால், உங்கள் பட்டியல் எப்படி என்று அடுத்த கேள்வி வரும். "எழுத்துக்கு எழுத்து நம்பலாம்" என்றேன்.

பத்து நாள் கழித்து, மதியம் கடையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது எனக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி" என்றது குரல். ரோகிணி போட்டுக் காட்டிய அதே மாதிரி ஊர்க் குரல்.

"உங்க வார்டுல நிக்கிற ஜெயக்கொடி அம்மா, செவ்வாக்கிழம மதியம் மூணு மணிக்கு எங்க போறாவன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வைத்துவிட்டது.

உடனே ரோகிணியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "அந்த மிஷினு நம்ம ஆளுகளுக்குப் பேசுமா?" என்று மட்டும் கேட்டேன். "வாய்ப்பே இல்ல சார். நீங்க குடுத்த பட்டியல்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான்" என்றாள். அப்படியென்றால் தங்கப்பழமும் இதேபோல் ஒரு மிஷினைப் பிடித்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். தூக்கை மூடி வைத்தேன். அந்த மாதிரி மிஷின் பொய் சொல்லாது என்று எனக்கு உறுதி கொடுத்திருந்தார்களே. பொய் சொல்லாதது ஒன்றைக் கேட்டால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவளிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை. நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது ஏமாளிகளின் வேலை, கண்டுபிடிப்பதுதான் சாமர்த்தியம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, தெருமுனை வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திக் காத்திருந்தேன். மூன்று மணிக்கு ஜெயக்கொடி குடையோடு வெளியே வந்தாள். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தாள். அங்கே நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற சேர்மக்கனி ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தான். மனைவியை இழந்தவன், நாற்பத்தைந்து வயது, நன்றாகச் சிரிப்பான். இவள் குடையை மடக்கிப் பின்னால் ஏறிக்கொண்டாள். ஸ்கூட்டர் உப்பளப் பக்கம் திரும்பியது. நான் பின்தொடரவில்லை. கடைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.

அன்று சாயங்காலம் அவளிடம் "மதியம் எங்கயும் போனியா?" என்றேன்.

"எங்க போவேன். வேலை கெடந்துச்சு" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

பொய் சொன்னாள். அன்றிலிருந்து அவள் பிரச்சாரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு முன்னால் நடந்தபோதெல்லாம் பின்னால் நின்று நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள். நான் ஏதாவது சொன்னால் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்தல் நாளில் எனக்கு ஒன்பதாம் வார்டில் வேலை. சாவடிக்குத் தள்ளி மேசை போட்டு, பட்டியலை விரித்து, வந்து போகிறவர்கள் பெயருக்கு நேரே டிக் அடிக்க வேண்டும். மூன்று மணிக்குமேல் டிக் இல்லாத வீடுகளுக்கு ஆட்டோ போகும். நான்கு மணிக்கு என் ஓட்டைப் போட ஏழாம் வார்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எதிர்ச் சர்பத் கடையில் ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் சேர்மக்கனி. அவன் ஏதோ சொல்ல, அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் என்னிடம் காட்டாத கவனம் அது. நான் பைக்கைத் திருப்பிவிட்டேன். இவளுக்கா நான் பொத்தானை அமுக்க வேண்டும்?

பாதி வழியில்தான் விரல் நினைவு வந்தது. கட்சிக்காரன் இடது கை ஆள்காட்டி விரலில் மை இல்லாமல் ஊருக்குள் திரிய முடியுமா? வீடு பூட்டியிருந்தது. மேசை இழுப்பறையில் கடையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு மார்க்கர் ஒன்று கிடக்கும். எடுத்தபோது மூடி சரியாக மூடாமல் இருந்தது. நகத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தேன். அசல் மாதிரியே இருந்தது.

முடிவு இரண்டு நாளில் வந்தது. நகராட்சி எங்கள் கைக்கு வந்தது. ஏழாம் வார்டு மட்டும் வரவில்லை. தங்கப்பழத்தின் தம்பி மனைவி நானூற்றுப் பதின்மூன்று. ஜெயக்கொடி நானூற்றுப் பன்னிரண்டு.

ஒரே ஒரு ஓட்டு. நான் போட்டிருந்தால் சமமாகி, குலுக்கலுக்காவது போயிருக்கும். எண்ணிக்கை மையத்தில் ஜெயக்கொடி அழவில்லை. ஜெயித்த பெண்ணிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். நான் இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அவள்மேல் கோபம் இருந்தும், தப்பு என்னுடையது என்றே பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் ரோகிணி மடிக்கணினியோடு கடைக்கு வந்தாள். முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"சார், ஏழாம் வார்டுல ஏதோ புரியல. அவங்க ஆளுங்க வழக்கம்போல வந்திருக்காங்க. நம்ம தெருக்கள்லதான் ஆள் வரல. கேள்வி போன நூத்திப் பதினாறு பேர்ல எழுபத்தொரு பேர் வீட்லயே இருந்துட்டாங்க. ஆனா அவங்க எல்லாம் நம்ம ஆளுங்கன்னு நம்ம வட்டச் செயலாளரே சத்தியம் பண்றார்."

பட்டியலைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தைப் பார்த்ததும்தான் பழைய கதை ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு கட்சியும் ஒரே மாதத்தில் உறுப்பினர் சேர்க்கை நடத்தின. வார்டுக்கு இத்தனை பேர் என்று மேலிருந்து கட்டளை. எனக்கும் ஆள் குறைந்தது, தங்கப்பழத்துக்கும் குறைந்தது. "என்ன வே சுயம்பு, நீரு எனக்கு நூறு பேரு தாரும், நான் உமக்கு நூறு பேரு தாரேன். மேலிடத்துல எவன் வந்து எண்ணப்போறான்?" என்று அவன்தான் ஆரம்பித்தான். இது எங்கள் ஊரில் புதிதல்ல, எல்லா வார்டிலும் ஏதாவது ஒரு வகையில் நடப்பதுதான். கடையில் மிஞ்சிக் கிடந்த எங்கள் ஆட்களின் ரேஷன் கார்டு நகல்களை எடுத்துக் கொடுத்தேன். பெயர் குறைந்தபோது, சண்டைக்கு வராத ஆளாக இருக்கட்டும் என்று என் வீட்டுக் கார்டையும் எடுத்து மேலே வைத்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

"அமெரிக்காவுல நிறைய மாநிலங்கள்ல ஓட்டாளர்களே அரசாங்கத்துகிட்ட எந்தக் கட்சின்னு எழுதிக் குடுப்பாங்க சார்" என்றாள் ரோகிணி மெதுவாக. "இயந்திரம் அதப் பாத்து வளந்தது. ஒருத்தர் பேர அவருக்கே தெரியாம எதிர்க்கட்சியில சேப்பாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. பட்டியல்ல பேர் இருந்தா, அவர வீட்ல உக்கார வைக்கிற கேள்வி எதுவோ அத மட்டும்தான் அது தேடும். நானும் உங்ககிட்ட கேட்டேன். எழுத்துக்கு எழுத்து நம்பலாம்னு சொன்னீங்க."

அவள் திரையில் முதல் இரண்டு வரியைத் தொட்டாள்.

"சுயம்புலிங்கம், ஜெயக்கொடி. இது நீங்களும் உங்க மனைவியும்தானே? உங்க ரெண்டு பேருக்கும் கேள்வி போயிருக்கு. ஆனா மேசைப் பட்டியல்ல ரெண்டு பேருக்கும் டிக் இருக்கு. இவ்வளவுக்கு அப்புறமும் போய் ஓட்டுப் போட்டிருக்கீங்க. பெரிய விஷயம் சார்."

வேட்பாளர் பெயருக்கும் அவள் புருஷன் பெயருக்கும் ஆளைப் பார்த்தா டிக் அடிக்கிறார்கள் எங்கள் மேசையில்? காலையில் பட்டியலைப் பிரித்ததுமே சுபகாரியம்போல முதலில் அந்த இரண்டையும் அடித்துவிட்டுத்தான் பேனாவை மூடுவார்கள். இதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜெயக்கொடி முற்றத்துக் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல இடது கையை மறைத்தபடி தின்பண்டப் பையை நீட்டினேன். மார்க்கர் மை அதற்குள் பாதி அழிந்திருந்தது. அசல் மை என்றால் வாரக்கணக்கில் போகாது. அவள் பையை வாங்கக் கையைக் கழுவி நீட்டினாள்.

அது இடது கை. ஆள்காட்டி விரல் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

மூடாமல் கிடந்த மார்க்கர் நினைவுக்கு வந்தது. அவள் என் கண் போன இடத்தைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. நானும் என் கையைப் பேன்ட் பையிலிருந்து எடுத்தேன். குழாய் திறந்தே கிடந்தது. என் ஒரு ஓட்டு விழுந்திருந்தால் சமம். அவளுடையதும் விழுந்திருந்தால் வெற்றி.

"உன்கிட்ட என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"நான் செயிச்சா அந்த நாக்காலில யாரு உக்காருவான்னு கேட்டுச்சு." குழாயை மூடினாள். "அது கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்லா. அதான் போகல. உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"செவ்வாக்கிழம மூணு மணிக்கு நீ எங்க போறன்னு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ஏழாம் வார்டின் பதினான்கு தெருவும் அதில் இருந்தது. எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் தண்ணீர் வருகிறது, எந்தக் கடைசி வீட்டுக் குழாய் வெறும் காற்றை ஊதுகிறது, எந்த வால்வு துருப்பிடித்திருக்கிறது. உப்பளப் பக்கத் தெருக்களுக்கு வாரத்தில் ஒரு நாள், செவ்வாய் மூன்று மணிக்குத்தான் திறப்பார்களாம். பத்து வாரம் சேர்மக்கனியோடு வீடு வீடாகப் போய் எழுதியிருக்கிறாள். பத்து வருடம் கவுன்சிலர் கனவு கண்ட எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது.

"ஏன் எங்கிட்ட சொல்லல? அன்னைக்குக் கேட்டேன்லா."

"கேட்டீயளா? மோப்பம் பிடிச்சீய. சொன்னா நோட்ட வாங்கி நீங்க வச்சிக்கிடுவீய. அடுத்த போஸ்டர்ல அதும் உங்க படத்துக்குக் கீழ வரும்." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "நானும் உங்ககிட்ட நேராக் கேட்டிருக்கலாம். நாக்காலிய எனக்கு விட்டிருப்பீயளான்னு. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீய?"

மனதில் இருந்த பதில் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை. வெட்கமாக இருந்தது.

அவள் நோட்டை ஒரு பையில் போட்டாள். ஜெயித்த பெண்ணிடம் நாளைக்குக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாளாம். தண்ணீர் யார் வாங்கிக் கொடுத்தால் என்ன என்றாள். ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்துவிட வேண்டும்போல எனக்கு இருந்தது.

"தங்கப்பழம் தம்பி வீடு கடைக்குப் போற வழிதான. நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாரேன்" என்று கையை நீட்டினேன்.

ஜெயக்கொடி பையைக் கொடுக்கவில்லை.

"வேண்டாம். நீங்க குடுத்தா இதுல என்ன சூது இருக்கோன்னு பிரிச்சே பாக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள்.